அத்தியாயம் 7: மூன்று மாதமாக விடாத இடுப்பு வலி – வளரும் பிள்ளைகளுக்கான உடற்பயிற்சி

பதினாறு வயதுப் பிள்ளை "இடுப்பு வலிக்குதும்மா" என்று சொன்னால் வேடசந்தூர்ப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும். "இந்த வயசுல உனக்கென்னடா இடுப்பு வலி?" என்பது ஒன்று. "டிஸ்க் வெலகியிருக்கும், எதையும் தூக்காத, சும்மா படு" என்பது மற்றொன்று. இரண்டும் பிள்ளைக்கு உதவாது. முதல் பதிலைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை வலியைச் சொல்லாமல் மறைக்கும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை தன் முதுகைப் பார்த்தே பயப்படத் தொடங்கும்.

வளரும் வயதில் இடுப்பு வலி அபூர்வமில்லை. டென்மார்க்கில் இரட்டையர்களிடம் நடத்தி 1998இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பெண்கள் 18 வயதுக்குள்ளும் ஆண்கள் 20 வயதுக்குள்ளும் பாதிப் பேருக்கு மேல் ஒரு தடவையாவது இடுப்பு வலியை அனுபவித்திருந்தார்கள். அதில் பெரும்பாலானவை சில நாட்களில் தானாக அடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் விடாமலோ விட்டுவிட்டோ வரும் வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறோம். அப்படிப்பட்ட வலியுள்ள 13 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த அத்தியாயம். நாள்பட்ட வலியிலும் பெரும்பாலானவற்றில் எலும்பு முறிந்திருக்காது, நரம்பு நசுங்கியிருக்காது. இருக்கும் முதுகு நல்ல முதுகுதான். அதற்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஓய்வு கொடுக்கக் கொடுக்க அது இன்னும் வலுவிழக்கும். வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்தால் தேறும்.

பயிற்சிக்கு முன் பார்க்க வேண்டியவை

பயிற்சி எல்லா இடுப்பு வலிக்கும் மருந்தாகாது. கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் பாயை விரிக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.

மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி. நம் நாட்டில் இதைக் கேட்டதும் முதுகெலும்புக் காசநோய் நினைவுக்கு வர வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காசநோய்க்கு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். சீக்கிரம் கண்டுபிடித்தால் முழுதாகக் குணமாகும், தாமதித்தால் முதுகு கூனிவிடும், கால் செயலிழக்கவும் கூடும்.

கால் மரத்துப்போதல், நடக்கையில் பாதம் தொங்குதல், உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போதல். இவற்றுக்கு அன்றைக்கே, தேவையானால் 108ஐ அழைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்திருந்து, நடமாடினால் குறைந்து, படுத்தால் கூடும் வலி. இது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். பதின்வயதிலேயே தொடங்கக்கூடிய இந்த நோயை "வாயுப் பிடிப்பு" என்று சொல்லியே வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

வேகப்பந்து வீசும், வாலிபால் அடிக்கும், சிலம்பத்தில் முதுகை வளைத்துச் சுழலும் பிள்ளைக்குப் பின்னால் வளையும்போது மட்டும் ஒரு பக்கமாகக் குத்தும் வலி. கடைசி இடுப்பு முள்ளெலும்பின் பின்பகுதியில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். ஆரம்ப நிலையில் இது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். வழக்கமாக மாதக்கணக்கில் ஆட்டத்தை நிறுத்தவேண்டி வரும், அதுவரை பின்வளைவுப் பயிற்சிகள் கூடாது. விளையாடும் பிள்ளைகளிடம் பெரியவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான் என்பது என் எண்ணம். "சின்னப் பிடிப்பு, ஆடுனா சரியாயிரும்" என்று சொல்லும் பயிற்சியாளர் நல்ல மனதோடு சொன்னாலும் கேட்காதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நாட்களில் மட்டும் வரும் இடுப்பு வலியும், சிறுநீர் எரிச்சலோடு வரும் வலியும் வேறு காரணத்தால் வருபவை. பள்ளியில் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் நம் வெயிலில் சிறுநீர்த் தொற்றோடும் கல்லோடும் வருவார்கள். இதைக் கேட்கத் தாய் கூச்சப்படக் கூடாது.

கூடவே ஒரு சின்னச் சோதனை. பிள்ளையை முன்னால் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து முதுகைப் பாருங்கள். விலாவோ இடுப்போ ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கலாம். வளர்ந்து முடிப்பதற்குள் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

வேடசந்தூர் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். கரூர் சாலையில் தெற்கே வந்தால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை 18 வயது வரை பரிசோதிக்க மருத்துவக் குழு பள்ளிக்கே வருகிறது. வரும் நாளை வகுப்பாசிரியரிடம் கேட்டு வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீடு தேடியும் வருகிறார். அது முக்கியமாக நடமாட முடியாதவர்களுக்கானது என்றாலும், உங்கள் தெருவுக்கு அவர் வரும்போது பிள்ளையின் பயிற்சியை ஒரு தடவை பார்த்துத் திருத்தச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

மேற்சொன்ன எதுவும் இல்லையென்றால் ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். வலியே இல்லாத பிள்ளைகளின் ஸ்கேனிலும் டிஸ்க்கில் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிவது உண்டு. அந்தக் காகிதத்தைப் படித்த பயம், வலியைவிட அதிக நாள் நிற்கும்.

எங்கிருந்து வருகிறது

பையைத்தான் எல்லோரும் முதலில் குற்றம் சொல்வார்கள். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் புத்தகப் பையின் எடையைக் குறைக்கச் சொன்னது. பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 45 கிலோ பிள்ளைக்கு நாலரைக் கிலோ. நல்ல விதிதான், தோளுக்கும் மூச்சுக்கும் நல்லது. ஆனால் அதே 2018இல் உலக ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு, பைதான் இடுப்பு வலியைக் கொண்டுவருகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. பையைக் குறைத்துவிட்டோம், வலி போய்விடும் என்று காத்திருக்க வேண்டாம்.

இந்த ஊர்ப் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு என்றால் காலை சிறப்பு வகுப்பு, பிறகு பள்ளி, மாலை டியூஷன், இரவில் கட்டிலில் சாய்ந்து போன். பொதுத்தேர்வு நெருங்க நெருங்க பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். ஆறு நாள் உட்கார்ந்தே இருந்த உடம்பை ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குக் கூட்டிப்போய்க் கடலைச் செடி பிடுங்க விடுகிறோம். அன்றைக்கு நாள் முழுக்கக் குனிவு. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் இடுப்பில் குடம், அதுவும் எப்போதும் ஒரே பக்கம். திடீரென்று கூடும் சுமையும் மற்ற நாட்களின் அசையாமையும் சேர்வதுதான் பிரச்சினை. குனிவது குற்றமில்லை, குடம் குற்றமில்லை, பழக்கமில்லாத உடம்புக்கு ஒரே நாளில் அவ்வளவும் கொடுப்பதுதான் குற்றம். இதோடு தூக்கக் குறைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தேர்வுக் கவலையும் வீட்டுக் கவலையும் வலியைக் கூட்டும். அதனால் வலி கற்பனை என்று ஆகிவிடாது.

பயிற்சிகள்

எந்தப் பயிற்சி சிறந்தது என்று பலரும் கேட்பார்கள். பெரியவர்களிடம் நடந்த ஏராளமான ஆய்வுகளில் ஒரு வகை இன்னொன்றைப் பெரிதாக மிஞ்சியதில்லை. பிள்ளைகளிடம் ஆய்வுகள் குறைவு. இருந்தாலும் தென்னாப்பிரிக்காவில் 12, 13 வயது மாணவர்களிடம் எட்டு வாரம் வகுப்பாகப் பயிற்சி கொடுத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், செய்தவர்களுக்கு வலியின் அளவு குறைந்தது. விடாமல் செய்வதுதான் முக்கியம். ஆகவே குறைவாகவே தருகிறேன். பாய் ஒன்று, துண்டு ஒன்று, ஒரு குச்சி, ஒரு பிளாஸ்டிக் குடம் போதும்.

முதலில் பூனை முதுகு. கைகள் தோளுக்கு நேர் கீழேயும் முழங்கால்கள் இடுப்புக்கு நேர் கீழேயும் இருக்கும்படி நான்கு காலில் நில்லுங்கள். மூச்சை விட்டபடி முதுகை மேல்நோக்கி வளையுங்கள். மூச்சை இழுத்தபடி மெதுவாகக் கீழே இறக்குங்கள். எட்டுத் தடவை. இழுத்துப் பிடிக்க வேண்டாம், முதுகு பயமில்லாமல் அசையப் பழகினால் போதும்.

அதே நிலையில் கை–கால் நீட்டல். வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்டி எட்டு விநாடி நிறுத்துங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள். பக்கத்துக்கு ஆறு. காலை உயரமாகத் தூக்குவதில் பெருமை இல்லை, இடுப்பு சாயக் கூடாது என்பதே குறி. இடுப்பின் மேல் கால் தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். சிந்தவில்லையென்றால் சரியாகச் செய்கிறார்கள் என்று அர்த்தம். தம்பி தங்கைகள் இதைப் போட்டியாக்கிவிடுவார்கள், ஆக்கட்டும்.

பக்கவாட்டுத் தாங்கல். ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி, முழங்கால்களை மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்குங்கள். எட்டு விநாடி, பக்கத்துக்கு நாலு தடவை. மூன்று வாரம் ஆனதும் முழங்காலுக்குப் பதில் பாதத்தை ஊன்றலாம்.

தலை தூக்கல். மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மட்டும் மடக்கி, இரு கைகளையும் இடுப்பின் அடியில் வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் தரையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் எழுப்புங்கள். எட்டு விநாடி, ஆறு தடவை. கை–கால் நீட்டல், பக்கவாட்டுத் தாங்கல், இது ஆகிய மூன்றும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலப்படுத்தியவை. முதுகைத் தரையிலிருந்து முழுதாக எழுப்பி உட்காரும் பழைய 'சிட்-அப்'பை வலி உள்ளவரை விட்டுவிடுங்கள். பி.டி. சாரிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

இடுப்புத் தூக்கல். யோகா வகுப்பில் சேது பந்தாசனம் செய்த பிள்ளைகளுக்கு இது தெரியும். முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்து, புட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள். பத்துத் தடவை. தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொண்டால் குதிகாலைப் புட்டத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். இரு காலில் சுலபமான பிறகு ஒற்றைக் காலில்.

இனி நின்று செய்பவை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது குச்சிப் பயிற்சி. ஒரு நீளக் குச்சியை முதுகோடு நெடுக்காகப் பிடியுங்கள். பின்தலை, தோள்களின் நடு, வால் எலும்பு மூன்றையும் அது தொட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்று இடமும் குச்சியை விடக் கூடாது. இடுப்பு மூட்டிலிருந்து குனிவது எப்படி என்று உடம்பு இதில் கற்றுக்கொள்ளும். அடுத்து தோப்புக்கரணம். காதைப் பிடிக்க வேண்டாம், கையை முன்னால் நீட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுவதாகத் தொடங்கி, பிறகு முழுதாக உட்கார்ந்து எழும் அளவுக்குப் போங்கள். பத்து, பத்தாக இரண்டு முறை.

குச்சியில் தேறியதும் குடம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிடத் துல்லியமான எடைக்கல் ஜிம்மிலும் கிடையாது. மூன்று லிட்டர் ஊற்றிய குடத்தைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து திரும்ப வைப்பது எட்டுத் தடவை. வாரத்துக்கு ஒரு லிட்டர் கூட்டுங்கள். தண்ணீர் எடுக்கப் போகும் நாளில் பக்கத்தை மாற்றி மாற்றிச் சுமக்கப் பழக்குங்கள். "குடத்தைத் தொடாத" என்று சொன்ன அதே வீட்டில் பிள்ளை மூன்றாவது மாதம் பத்து லிட்டரைத் தூக்கி இறக்கும்போது, போவது வலி மட்டுமல்ல.

கடைசியாக, மல்லாந்து படுத்து ஒரு பாதத்தில் துண்டை மாட்டி, காலை நேராக மேலே இழுத்து முப்பது விநாடி. காலுக்கு இரண்டு தடவை. நெட்டையாக வளர்ந்துகொண்டிருக்கும் பையன்களுக்குத் தொடையின் பின்பக்கம் இறுகியே இருக்கும். இது அவர்களுக்கு அவசியம், மற்றவர்கள் விட்டாலும் பரவாயில்லை.

அளவும் நாட்களும்

முதல் இரண்டு வாரம் தரைப் பயிற்சிகள் மட்டும், தினமும் கால் மணி நேரம். மூன்றாவது வாரத்திலிருந்து குச்சியும் தோப்புக்கரணமும், ஐந்தாவது வாரத்திலிருந்து குடமும். எடை தூக்கும் பயிற்சி வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. இதோடு நடையும் சைக்கிளும் முதல் நாளிலிருந்தே உண்டு. அரசு கொடுத்த சைக்கிள் திண்ணையில் சாய்ந்து கிடந்தால் அதை எடுத்துத் துடையுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், எட்டு மணி வெயிலில் ஓடச் சொல்லாதீர்கள். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்றாவது மாத முடிவில் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும்.

செய்யும்போது வலித்தால்? பூஜ்யம் முதல் பத்து வரை பிள்ளையையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். மூன்று, நாலு வரை வந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். நாலைத் தாண்டினாலோ மறுநாளும் கூடுதலாக இருந்தாலோ எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நிறுத்தாதீர்கள். வலி காலுக்கு இறங்கி மரத்தால் மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முதல் மூன்று வாரத்தில் பெரிய மாற்றம் தெரியாது. அப்போதுதான் பலர் விட்டுவிடுவார்கள்.

பெல்ட்டைப் பற்றி. மெடிக்கலில் வாங்கிய இடுப்புப் பெல்ட்டைப் பள்ளிச் சீருடைக்குள் கட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கானது. அதிலேயே இத்தகைய பெல்ட்டை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று இருக்கிறது. வளரும் தசைக்கு அது இன்னும் பொருந்தாது. மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காகக் கட்டச் சொன்னால் வேறு. வலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கித் தினமும் கொடுப்பது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெந்நீர் ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பு தாராளமாகச் செய்யலாம். முதுகை மிதிப்பதும், முறுக்கிச் சொடக்கெடுப்பதும் வேண்டாம்.

மில்லில் வேலை பார்க்கும் பெண்களுக்கு

வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகள் நிறைய. பள்ளியை முடித்ததும் 18, 19 வயதில் மில் வண்டியில் ஏறும் பெண்களுக்கு யாரும் இப்படி ஓர் அத்தியாயம் எழுதுவதில்லை, அதனால் தனியாகச் சொல்கிறேன். அறுந்த இழையைச் சேர்த்தபடி மெஷின் ஓரமாக ஷிப்ட் முழுக்க நடப்பவர்களுக்கும், நூல் நிறைந்த பாபின்களைக் குனிந்து குனிந்து எடுப்பவர்களுக்கும் நடையும் உழைப்பும் ஏற்கெனவே போதுமானது. இவர்களுக்கு வேண்டியது வலுவும் ஓய்வும். நடைப் பயிற்சியை விட்டுவிட்டு, இடுப்புத் தூக்கலும் பக்கவாட்டுத் தாங்கலும் குச்சிப் பயிற்சியும் வாரத்தில் மூன்று நாள் செய்தால் போதும். ஷிப்டுக்கு முன்னால் செய்யுங்கள், முடிந்து வந்த களைப்பில் வேண்டாம். பாபின் பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு மேடை மேல் வைத்தால் குனிவு குறையும். இதைச் சூப்பர்வைசரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம். ஹாஸ்டலில் இருப்பவர்கள் அறைத் தோழிகளோடு சேர்ந்து செய்யுங்கள், தனியாகச் செய்பவரைவிடச் சேர்ந்து செய்பவர்கள் நீடிப்பார்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் பயிற்சியைப் பாதியாக்கித் தூக்கத்தை முழுதாக்குங்கள்.

வீட்டில் பேசும் பேச்சு

தினமும் "இடுப்பு எப்படிடா இருக்கு?" என்று கேட்டால் பிள்ளை தினமும் வலியைத் தேடிப் பார்த்துத்தான் பதில் சொல்லும். "இன்னைக்கு எத்தனை லிட்டர்டா தம்பி?" என்று கேளுங்கள். "நேரா உக்காரு" என்ற அதட்டலும் வேண்டாம். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். எந்த நிலையும் அதிக நேரம் ஆகாது, நேராக உட்கார்வதும்தான். வலியைச் சாக்காக வைத்துப் பள்ளிக்கு விடுப்பு எடுக்க விடாதீர்கள். பின்வரிசையில் நின்றுகொண்டே பாடம் கேட்க அனுமதி வாங்கிக் கொடுத்தாலும் பள்ளிக்குப் போவது நல்லது.

எட்டாவது வாரத்திலிருந்து ஆட்டத்துக்குத் திரும்பலாம். முதல் வாரம் ஓட்டம் மட்டும், அடுத்த வாரம் பாதி நேர ஆட்டம், பிறகு முழு ஆட்டம். கபடியில் பிடியும் வாலிபாலில் குதித்து அடிப்பதும் கடைசியாக.

பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் கொஞ்சமும் குறையவில்லை என்றால் இயன்முறை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். குறைந்து நின்ற வலி, தேர்வு மாதத்திலோ கடலை பிடுங்கிய மறுநாளோ திரும்ப வரலாம். அப்போது இரண்டாவது வார அளவுக்கு இறங்கி நாலைந்து நாள் செய்துவிட்டு, வாரத்துக்கு ஒரு படியாகப் பழைய அளவுக்கு ஏறுங்கள். வலி போன பிறகும் வாரத்தில் இரண்டு நாள் இடுப்புத் தூக்கலையும் குடத்தையும் விடாதீர்கள்.